ஸ்கூல் டீம்ல இருந்து கோச் வரைக்கும்: மலேசியாவில கோல்ஃப் ஆட வர்ற நம்ம பிள்ளைங்களுக்கு முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க, "அண்ணே, பையன் கோல்ஃப் ஆடணும்ங்கறான், எங்க கொண்டு போய் சேக்குறது, எவ்ளோ செலவாகும், இதுல சோறு கிடைக்குமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ்ல பாதி சொல்லி பாதி விட்டுப் போகுது, அதனால மொத்தமா உக்காந்து எழுதிட்டேன். நீளமாத்தான் இருக்கும், உங்க பிள்ளை எந்தப் படியில நிக்குதோ அங்க இருந்து படிங்க.

நான் பினாங்குல பெருநிலத்துப் பக்கம் பொறந்தவன். அப்பா ஒரு கோல்ஃப் கிளப்ல புல்லு வெட்டுற வேலை, கிரீன்கீப்பர். ஸ்கூல் டீம், மாநில டீம், அப்புறம் ஏழு வருஷம் புரோவா ஆடினேன், இப்ப கேஎல்ல பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன். இந்த மொத்த வழியிலயும் நான் உறுதியா நம்புறது ஒண்ணுதான்: அடிச்ச அடியை அடிச்சபடியே எழுதி வைக்கிற பிள்ளைதான் மேல போகும். ஸ்விங் அழகா இருக்கிற பசங்க எத்தனையோ பேரு ஃபார்ம் ஃபைவோட காணாம போனதைப் பாத்திருக்கேன், எழுதி வச்சவங்க யாரும் அப்படி சும்மா காணாம போகல.

இன்னொண்ணு, "இது பணக்காரங்க விளையாட்டு, நமக்கு எதுக்கு"ன்னு சொல்ற பெரியவங்களுக்கு. ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893ல ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல இருந்து இந்த நாட்டுல கோல்ஃப் திடல்ல புல்லு வெட்டினதுலயும் பை தூக்கினதுலயும் நம்ம ஆளுங்க எத்தனை பேரு. அந்த வழியா உள்ள வந்து பந்தடிக்கக் கத்துக்கிட்ட தமிழருங்களும் உண்டு. எம். ராமையா, பி. குணசேகரன் ரெண்டு பேரும் வேர்ல்ட் கப்ல மலேசியாவுக்கு ஆடினவங்க. நாம புதுசா உள்ள நுழையல.

படி 1: ஆரம்பம், 8ல இருந்து 12 வயசு

முதல்ல ரேஞ்சுக்கு, அதான் பந்தடிச்சுப் பழகுற திடலுக்கு, கூட்டிட்டுப் போங்க, கிளப் மெம்பர்ஷிப் எல்லாம் இப்ப வேண்டாம். கேஎல்லயும் பினாங்குலயும் வெளியாளுங்க போய் பக்கெட்ல பந்து வாங்கி அடிக்கிற ரேஞ்ச் நிறைய இருக்கு. முழு செட் வாங்கிடாதீங்க. விதிப்படி பையில 14 கிளப் (பந்தடிக்கிற மட்டையையும் கிளப்னுதான் சொல்வோம்) வரைக்கும் வைக்கலாம், ஆனா பிள்ளைக்கு புட்டர், சாண்ட் வெட்ஜ், 9 அயர்ன், 7 அயர்ன், ஒரு ஹைப்ரிட், இந்த அஞ்சு போதும். பெரியவங்களோட பழைய கிளப்பை அறுத்துக் குடுக்குற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப உண்டு, எங்கப்பாவும் அதைத்தான் பண்ணாரு, ஆனா அறுத்த கிளப்ல தண்டு கம்பி மாதிரி விறைப்பாயிடும், தலை கனம் அப்படியே இருக்கும், பிள்ளை அதைத் தூக்க முடியாம உடம்பை வளைச்சு அடிக்கும், அந்த வளைவை எடுக்கவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. பிள்ளைங்க அளவுல செகண்ட் ஹேண்ட் செட் கிடைக்குது, ஒரு பிள்ளை வளந்துட்டா அடுத்த பிள்ளைக்கு கை மாறிக்கிட்டே இருக்கும், ரேஞ்ச்ல இருக்கிற கோச்கிட்ட கேட்டா சொல்வாங்க.

முதல் மூணு மாசம் கிரிப்பு, நிக்கிற விதம், புட்டிங் (குழியைச் சுத்தி இருக்கிற கிரீன்ல பந்தை உருட்டுறது), சிப்பிங் (கிரீன் ஓரத்துல இருந்து சின்னதா தூக்கி அடிக்கிறது). டிரைவர், அதான் தூரமா அடிக்கிற பெரிய கிளப், வேண்டாம். பந்து ஏன் வளையுதுன்னு புரிய வைக்க நான் பேட்மிண்டன் ராக்கெட்டைத்தான் கையில குடுக்குறேன், நம்ம நாட்டுல ராக்கெட் பிடிக்காத பிள்ளை கிடையாது. ராக்கெட் முகம் எந்தப் பக்கம் பாக்குதோ ஷட்டில் அந்தப் பக்கம் கிளம்பும், அதேதான் இங்கயும். பந்து முதல்ல கிளம்புற திசைக்குப் பெரும்பங்கு கிளப்போட முகம்தான் காரணம், அப்புறம் அது வளையறது முகத்துக்கும் கிளப் வீசிப் போற பாதைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தால. முகம் பாதைக்கு வலப்பக்கமா திறந்திருந்தா வலக்கை ஆட்டக்காரனுக்கு பந்து வலது பக்கம் வளையும். பத்து வயசுப் பிள்ளைக்கு இது அஞ்சு நிமிஷத்துல புரியுது, பெத்தவங்களுக்குத்தான் லேட்டாகுது.

வேற விளையாட்டை நிறுத்தாதீங்க. பேட்மிண்டனோ ஃபுட்பாலோ ஓட்டமோ எதாவது ஒண்ணு கூடவே ஓடட்டும். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி அடிச்சா இடுப்புக்கு மேல கீழ்முதுகு வாங்கும், கோல்ஃப் ஆடுறவங்களுக்கு வர்ற வலியில முதல் வலி அதுதான்.

படி 2: ஸ்கூல் டீம், ஹேண்டிகேப், கார்டு

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் விளையாட்டுப் பொறுப்பாசிரியரைப் பாத்து பேரு குடுங்க. ஸ்கூல்ல கோல்ஃப் டீமே இல்லன்னாலும் பரவால்ல, ஒரு பிள்ளை இருந்தாலும் பேரு அனுப்ப முடியுமான்னு கேளுங்க. மாவட்டம், மாநிலம், அப்புறம் எம்எஸ்எஸ்எம், அதான் தேசிய அளவுல பள்ளிகளுக்கான போட்டி, இதுதான் ஏணி. கேஎல் பிள்ளைங்களுக்கு எம்எஸ்எஸ்கேஎல், பினாங்குக்கு எம்எஸ்எஸ்பிபி. ஆசிரியர்களுக்கு கோல்ஃப் விவரம் தெரியலன்னா கோவப்படாதீங்க, கடுதாசியை நீங்களே டைப் பண்ணிக் குடுங்க, கையெழுத்து மட்டும் கேளுங்க, வேலை ஓடிடும்.

போட்டிக்கு முன்னாடி ஹேண்டிகேப் வேணும், அதான் பிள்ளையோட ஆட்டத் தரத்தைக் காட்டுற நம்பர், ஆட்டம் நல்லாக நல்லாக அது குறையும். 2020ல இருந்து உலகம் பூரா ஒரே முறைதான். 54 ஹோலுக்கு ஸ்கோர் கார்டு குடுத்தா இண்டெக்ஸ்னு அந்த நம்பர் கிடைக்கும், மூணு தடவை 18 ஹோல் ஆடினா அவ்ளோதான். அதிகபட்சம் 54.0. ஆட ஆட, ஒவ்வொரு ரவுண்டு ஸ்கோரையும் கோர்ஸோட கஷ்டத்துக்கு ஏத்த மாதிரி திருத்தி, கடைசி 20ல நல்லா வந்த 8ஐ எடுத்து அதோட சராசரிதான் உங்க இண்டெக்ஸ். ஒவ்வொரு கோர்சுக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு காட்டுற ஸ்லோப்னு ஒரு நம்பர் உண்டு, 55ல இருந்து 155 வரைக்கும், நடுத்தரம் 113. இண்டெக்ஸை ஸ்லோப்பால பெருக்கி 113ஆல வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்ல (ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவன் அங்க அடிக்க வேண்டிய ஸ்கோர்) இருந்து பாரை (கோர்சுக்குக் குறிச்சிருக்கிற அடிக் கணக்கு) கழிச்சு வர்றதைக் கூட்டணும். உதாரணத்துக்கு இண்டெக்ஸ் 18.4, ஸ்லோப் 128, ரேட்டிங் 71, பார் 72ன்னா 20.84 வரும், அதுல 1 போனா 19.84, அன்னிக்கு உங்களுக்கு 20 அடி சலுகை. செல்போன்லயே போட்டுப் பாத்துக்கலாம், ஆனா ஒரு தடவையாவது பிள்ளை கையால போடட்டும்.

இப்ப கார்டு விஷயம். எனக்கு 16 வயசு, மாநில அளவுல ஒரு போட்டி, முதல் நாள் நான்தான் முன்னாடி. ரெண்டாவது நாள் 7வது ஹோல்ல நான் 5 அடிச்சேன், கூட ஆடி என் கார்டை எழுதிக்கிட்டு இருந்த பையன் (போட்டியில நம்ம ஸ்கோரைக் கூட ஆடுறவங்கதான் எழுதுவாங்க) 4ன்னு எழுதிட்டான், வேணும்னு இல்ல, அவனுக்கு அவன் பந்து காட்டுக்குள்ள போன கவலை. கடைசியில வெயில், தாகம், சந்தோஷம், நான் சரிபார்க்காம கையெழுத்து போட்டுட்டேன். விதி என்னன்னா, ஒரு ஹோல்ல அடிச்சதை விடக் குறைச்சு எழுதி கையெழுத்து போட்டா தகுதி நீக்கம். கூட்டி எழுதியிருந்தா அந்தக் கூடின ஸ்கோர் அப்படியே நிக்கும். மொத்தத்தைக் கூட்டுறது கமிட்டி வேலை, ஒவ்வொரு ஹோல் நம்பரும் சரியா இருக்கிறது உன் பொறுப்பு. நானே போய்ச் சொன்னேன், அவங்க வருத்தத்தோட பேரை அடிச்சாங்க.

அப்பா கேட்டுக்கு வெளிய மோட்டார்ல காத்துக்கிட்டு இருந்தாரு. திட்டல. "எத்தனை அடிச்சேன்னு உனக்குத் தெரியும்ல?"ன்னு கேட்டாரு. அஞ்சுன்னேன். போற வழியில மளிகைக் கடையில நிறுத்தி ஒரு 555 புத்தகம் வாங்கிக் குடுத்தாரு, கடையில கடன் கணக்கு எழுதுவாங்கல்ல, அந்தச் சின்ன நோட்டுதான். "இனிமே இதுல நீ எழுது, அவன் கார்டு அவன் எழுதட்டும், கடைசியில ரெண்டையும் பாரு." இன்னிக்கு வரைக்கும் என் பின்பாக்கெட்ல ஒரு 555 இருக்கு, என்கிட்ட கத்துக்கிற எல்லா பிள்ளைக்கும் முதல் பாடம் அதுதான்.

ஸ்கூல் பிள்ளைங்க அடிக்கடி மாட்டிக்கிற மத்த விதிங்க: பந்து தேட 3 நிமிஷம்தான். பந்து தொலைஞ்சிருக்கலாம்னு நினைச்சு இன்னொண்ணு அடிக்கிறதுக்கு முன்னாடி "புரோவிஷனல்"னு வாய் திறந்து சொல்லணும், சொல்லலன்னா ரெண்டாவது பந்துதான் கணக்குல ஆடுற பந்து. டிராப், அதான் பந்தைக் கையால கீழ விடுறது, முழங்கால் உயரத்துல இருந்து. 15வது கிளப் பையில இருந்தா அந்தக் கிளப்போட ஆரம்பிச்ச ஒவ்வொரு ஹோலுக்கும் 2 அடி தண்டம், அதிகபட்சம் 4. தம்பியோட புட்டர் அண்ணன் பையில கிடந்து இது நடந்ததை நானே பாத்திருக்கேன், முதல் அடிக்கு முன்னாடி கிளப்பை எண்ணுங்க.

படி 3: நம்ம புல்லு, நம்ம மழை

வீடியோ பாத்துக் கத்துக்கிற பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காத பாடம் இது, அதனால இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன்.

வீடியோவுல ஆடுறது பல நேரம் வெளிநாட்டுல, குளிர் ஊர் புல்லு. நம்ம கோர்ஸ் பலதுல ஓரத்துலயும் ஃபேர்வேயிலயும் (நடுவுல வெட்டி வச்சிருக்கிற புல்வெளி) இருக்கிறது கவ் கிராஸ், அகலமான இலை, மழை பெஞ்சா பந்து அதுக்குள்ள உக்காந்துக்கும். வெட்ஜை மெதுவா வீசினா புல்லு கிளப்பைப் பிடிச்சு நிறுத்திடும். அதனால நம்ம ஊர்ல சிப் அடிக்கிறப்ப கையை நிறுத்தாம முழுசா வீசணும், தூரத்தைக் குறைக்கணும்னா பின்னாடி எடுக்குறதைக் குறைங்க, வேகத்தைக் குறைக்காதீங்க.

கிரீன்ல பெரும்பாலும் பெர்முடா வகை. அதுக்கு ஒரு பக்கமா சாஞ்சு வளர்ற குணம் உண்டு, கிரெய்ன்னு சொல்வாங்க. எனக்குப் பத்து வயசு இருக்கும், விடியக்காலையில அப்பா என்னைக் கூடவே கூட்டிட்டுப் போவாரு, இருட்டு போகாத நேரம், பனி ஈரம், அவர் மெஷின் தள்ளிட்டுப் போன பட்டை பட்டையா தெரியும். ஒரு நாள் குழிப் பக்கத்துல குந்த வச்சு டார்ச் அடிச்சுக் காட்டினாரு. குழி வட்டத்துல ஒரு பக்கம் விளிம்பு வெட்டின மாதிரி சுத்தமா இருந்துச்சு, எதிர்ப்பக்கம் பிசிறடிச்சு லேசா பழுப்பேறி இருந்துச்சு. "பிசிறு எந்தப் பக்கமோ புல்லு அந்தப் பக்கமாத்தான் படுக்குதுடா, ஓடுற பந்தும் அங்கதான் சாயும்"னாரு. அப்புறம் எந்திரிச்சு நின்னு பாக்கச் சொன்னாரு. நிக்கிற இடத்துல இருந்து பாத்தா புல்லு மினுமினுன்னு வெளிறித் தெரிஞ்சா அது உன்னை விட்டு விலகிப் படுத்திருக்கு, பந்து வேகமா ஓடும். கரும்பச்சையா மங்கித் தெரிஞ்சா உன் முகத்தைப் பாத்து நிக்குது, பந்து மெதுவாப் போகும். அப்பா ஒரு ரவுண்டு கூட ஆடினவர் இல்ல. ஆனா கிரீன் படிக்கிறதுல எனக்கு அவரை விடப் பெரிய வாத்தியார் அப்புறம் கிடைக்கல.

உங்க கோர்ஸ்ல புல்லு வெட்டுற அண்ணன்மாருங்க, அங்கிள்மாருங்ககிட்ட பேசுங்க. இப்ப பல இடத்துல பங்களாதேஷ், இந்தோனேசியா ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்டயும் பேசுங்க. எந்தக் கிரீன்ல தண்ணி நிக்கும், எங்க மண்ணு கெட்டி, அவங்களுக்குத் தெரியும்.

மழை. கேஎல்ல ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர், மத்தியானம் ஆனா மேகம் கட்டிடும். முடிஞ்சா காலையில ஆடுங்க. இடியில விளையாடாதீங்க, இதுல நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். சைரன் ஒரே நீளமா ஊதினா அந்த நிமிஷமே நிறுத்தணும், அடிக்கப் போற அடியை அடிச்சுட்டு வர்றேன்னு சொன்னா தகுதி நீக்கம். மூணு தடவை ஊதினா சாதாரண நிறுத்தம், ரெண்டு சின்ன ஊதல் திரும்ப ஆரம்பிக்கச் சொல்றது. சைரன் ஊதலன்னாலும் மின்னல் ஆபத்துன்னு பிள்ளைக்குத் தோணினா நிறுத்த விதியில உரிமை இருக்கு, உடனே கமிட்டிக்குச் சொல்லிடணும், அது போதும். பிள்ளைங்களுக்கு இதை மனப்பாடமா சொல்லி வைங்க, மரத்தடியில ஒதுங்கக் கூடாதுங்கறதையும் சேத்து.

குடை, ரெண்டு டவல், ரெண்டு கிளவுஸ் ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில. தண்ணி நிறைய. காலையில நாசி லெமாக் பாதி பொட்டலம் போதும், மீதிக்கு வாழைப்பழம், ஒவ்வொரு நாலு ஹோலுக்கும் எதாவது வாயில போடணும். 13வது ஹோல்ல ஆடுற பிள்ளைக்கு கோவம் வருதுன்னா பாதி நேரம் அது பசி.

படி 4: 555 புத்தகமும் பயிற்சியும்

ஒவ்வொரு ரவுண்டுக்கும் அஞ்சு விஷயம் எழுதச் சொல்றேன்: டீ அடி, அதான் ஹோலோட முதல் அடி, எங்க போச்சு, கிரீனுக்கு சரியான அடியில வந்துச்சா, எத்தனை புட், எத்தனை தண்ட அடி, அப்புறம் ஒரே ஒரு வரி, அந்த ஹோல்ல மனசுல என்ன ஓடுச்சு. பத்து ரவுண்டு எழுதினா பிள்ளையோட வியாதி தானா தெரியும். ஸ்விங் சரியில்லன்னு வந்த எத்தனையோ பேருக்கு நோட்டைப் பாத்தா மூணு புட்டும் தண்ட அடியும்தான் ஸ்கோரைத் தின்னுட்டு இருந்துச்சு. அதுக்கு ஸ்விங்கை மாத்தவே தேவையில்ல.

"புட்டிங்தான் எல்லாம்"னு பழைய ஆளுங்க சொல்வாங்க, அது பாதிதான் உண்மை. மேல்மட்டத்துல ஒரு ஆட்டக்காரனுக்கும் இன்னொருத்தனுக்கும் இருக்கிற வித்தியாசத்துல மூணுல ரெண்டு பங்கு கிரீனுக்கு வர்றதுக்கு முன்னாடி அடிக்கிற நீள அடியில இருந்து வருதுன்னு ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட், அதான் ஒவ்வொரு அடியோட லாப நஷ்டத்தையும் பாக்குற கணக்கு, காட்டிடுச்சு. பிஜிஏ டூர் (அமெரிக்க ஆம்பளைங்க புரோ போட்டித் தொடர்) ஆளுங்களே 8 அடி தூர புட்ல ரெண்டுல ஒண்ணுதான் போடுறாங்க. அதனால 8 அடி தூர புட்டை விட்டுட்டா பிள்ளையை முறைக்காதீங்க. ஆனா 3 அடி தூரத்தை விடக் கூடாது, அதுக்கு தினமும் இருபது நிமிஷம், குழியைச் சுத்தி நாலு பக்கமும்.

பொண்ணுங்களோட பெத்தவங்களுக்கு: பையன் அடிக்கிற தூரத்தை வச்சுப் பொண்ணை அளக்காதீங்க. பந்தோட தூரத்தை அளக்குற டிராக்மேன் கம்பெனி முன்ன வெளியிட்ட டூர் சராசரியில 7 அயர்ன் பிஜிஏ டூர்ல 172 யார்ட், பொண்ணுங்களோட டூரான எல்பிஜிஏல 141. உலகத்தோட சிறந்த பொண்ணுங்க அந்த தூரத்துலதான் சாப்பாடு சம்பாதிக்கிறாங்க. கெல்லி டான் 2014 சீசனுக்கு எல்பிஜிஏ முழு கார்டு, அதான் அந்த டூர்ல ஆடுற உரிமை, வாங்கின முதல் மலேசியர், அவங்களைத் தாண்டி நம்ம நாட்டுப் பொண்ணுங்க இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்காங்க.

படி 5: அமெச்சூரா பெரிய போட்டிங்க

ஹேண்டிகேப் ஒற்றை எண்ணுக்கு வந்துட்டா மலேசியன் கோல்ஃப் அசோசியேஷன் நடத்துற ஜூனியர் போட்டி, மாநில அமெச்சூர், சுக்மா (மாநிலங்களுக்கு நடுவுல நடக்குற மலேசிய விளையாட்டுப் போட்டி). மாநிலத் தேர்வுக்கு மாநில கோல்ஃப் சங்கத்தோட தொடர்பு இருக்கணும், தேர்வுத் தேதியை நோட்டீஸ் போர்டுல யாரும் வந்து காட்ட மாட்டாங்க, போன் அடிச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கணும். உலக அமெச்சூர் ரேங்கிங்குக்குக் கணக்காகுற போட்டி எதுன்னு பாத்து ஆடுங்க, வெளிநாட்டு யுனிவர்சிட்டி கோச்சுங்க பாக்குறது அதைத்தான்.

அமெரிக்க காலேஜ் வழி உண்மையான வழி. 2017ல ஏஷியன் டூர் ஆர்டர் ஆஃப் மெரிட்ல (வருஷப் பரிசுப் பணப் பட்டியல்) முதல் இடம் வந்த கேவின் கிரீன், அங்க முதல் இடம் வந்த முதல் மலேசியர், நியூ மெக்ஸிகோ யுனிவர்சிட்டியில படிச்சு ஆடினவர். ரொம்ப வருஷமா அங்க டிவிஷன் 1ல ஆம்பளைங்க டீமுக்கு 4.5 ஸ்காலர்ஷிப், பொம்பளைங்க டீமுக்கு 6ன்னு இருந்துச்சு, 2025ல அந்த விதி மாறிடுச்சு. எதுவானாலும் எஸ்பிஎம் ரிசல்ட்டும் இங்கிலீஷும் இல்லாம அந்தக் கதவு திறக்காது. டியூஷனை நிறுத்திட்டு ரேஞ்சுக்கு அனுப்புற அப்பாமாருங்க தயவுசெஞ்சு இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

அப்புறம் ரொம்ப முக்கியமானது, அமெச்சூர் தகுதி. 2022ல வந்த விதிப்படி ஸ்கிராட்ச் போட்டியில (ஹேண்டிகேப் சலுகை இல்லாம ஆடுறது) 700 பவுண்ட் இல்லன்னா 1,000 அமெரிக்க டாலர் வரைக்கும் பரிசுப் பணம் வாங்கலாம். ஹேண்டிகேப் போட்டியில பணமா எதுவும் வாங்கக் கூடாது. காசு வாங்கிக்கிட்டு கோச்சிங் குடுத்தா, விதியில இருக்கிற சில விலக்கு தவிர, அமெச்சூர் தகுதி போயிடும். எஸ்பிஎம் முடிச்ச பசங்க ரேஞ்ச்ல பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு சொல்லிக் குடுத்து ஐம்பது வெள்ளி வாங்குறாங்க, அது தப்பான காரியம்னு சொல்லல, ஆனா அடுத்த மாசம் மாநில அமெச்சூர்ல ஆடணும்னா யோசிக்கணும். தெரியாம பண்ணிட்டு அப்புறம் அழக் கூடாது.

படி 6: புரோவா ஆடுறது

இதைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இங்க வர்றவங்களுக்கு ஏற்கனவே பாதி தெரியும். மலேசியாவில பிஜிஏ ஆஃப் மலேசியா வழியா விளையாட்டுத் திறன் பரீட்சை, அப்புறம் உள்ளூர் போட்டிங்க, அதுக்கு மேல ஏஷியன் டெவலப்மெண்ட் டூர், அதுக்கு மேல ஏஷியன் டூர். ஏஷியன் டூருக்கு கியூ ஸ்கூல்னு ஒரு தகுதிப் போட்டி, கடைசிக் கட்டத்துல முதல் 35 இடத்துக்கு கார்டு.

கணக்கு மட்டும் கண்ணைத் திறந்து போடுங்க. வாரா வாரம் என்ட்ரி, பயணம், ரூம், கேடி, சாப்பாடு. கட், அதான் பாதிப் போட்டியில ஆளுங்களை வடிகட்டுற ஸ்கோர், தாண்டலன்னா அந்த வாரம் வருமானம் பூஜ்யம். நான் ஆறு மாசச் செலவைக் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன், அது பத்தல, ஒரு வருஷம் வேணும்.

எனக்கு 24 வயசுல ஒரு பெரிய போட்டிக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு கோச் என் ஸ்விங்கை அடியோட மாத்தினாரு. நானும் தலையாட்டினேன். ரேஞ்ச்ல பந்து அழகாப் பறந்துச்சு, போட்டியில ரெண்டு நாளும் எங்க நிக்கிறதுன்னே தெரியல, ரெண்டு அடியில கட் போச்சு. அந்த வாரத்து 555ஐ இன்னும் வச்சிருக்கேன், ரெண்டாம் நாள் 11வது ஹோல் பக்கத்துல "யார் ஸ்விங் இது"ன்னு எழுதியிருக்கு. போட்டிக்கு ஆறு வாரத்துக்குள்ள கிரிப்பையும் ஸ்விங் பாதையையும் தொடாதீங்க. அந்த நேரத்துல தூரக் கணிப்பு, புட்டிங் வேகம், தூக்கம், இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

எப்ப நிறுத்துறதுன்னு கேப்பாங்க. நான் மூணு வருஷ நோட்டை வரிசையா வச்சுப் பாத்தேன். என் சராசரி ஸ்கோர் நகரவே இல்ல, ஆனா கூட ஆடின பசங்க கேட்டு அவங்களுக்கு நான் சொன்ன திருத்தம் வேலை செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன், வீட்டுல சொல்ல மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு.

படி 7: கோச் ஆகுறது

நல்லா ஆடினா நல்லா சொல்லிக் குடுக்கலாம்னு கிடையாது. முறையாப் படிங்க. பிஜிஏ ஆஃப் மலேசியாவோட பயிற்சி வழி ஒண்ணு. இன்னொண்ணு எஸ்பிகேகே, நம்ம நாட்டு கோச்சுங்களுக்கான தேசியச் சான்றிதழ், மூணு லெவல், விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, அந்த விளையாட்டு ஒரு பகுதி. அறிவியல் பாடத்தை நம்ம ஆளுங்க சிலர் கடனேன்னு எழுதுவாங்க. வளர்ற பிள்ளையோட எலும்பு, களைப்பு, வெயில்ல உடம்பு சூடாகுறது, இதெல்லாம் அங்கதான் இருக்கு, கவனமாப் படிங்க. உடம்பு அசைவைப் பத்தி டைட்லிஸ்ட் நடத்துற டிபிஐ சர்டிஃபிகேட்டும் எடுத்தா நல்லது, முடிஞ்சப்ப எடுங்க. முதலுதவிப் பயிற்சி கட்டாயம்.

சர்டிஃபிகேட் வாங்கின உடனே கிளாஸ் ஆரம்பிச்சுடாதீங்க. ஒரு வருஷம் அனுபவப்பட்ட கோச் பக்கத்துல பந்து பொறுக்கிக்கிட்டு நில்லுங்க. நான் நின்னேன். அவர் முதல் பாடத்துல பத்து நிமிஷம் வாயே திறக்க மாட்டாரு. பிள்ளை இருபது பந்து அடிக்கும், அவர் பந்தைத்தான் பாப்பாரு, பிள்ளையைப் பாக்க மாட்டாரு. அப்புறம் ஒரே ஒரு திருத்தம். ஒரு மணி நேரத்துல ரெண்டு திருத்தத்துக்கு மேல குடுத்து அவரை நான் பாத்ததில்ல. நான் முதல் வருஷம் ஒரு பையனுக்கு ஒரே கிளாஸ்ல ஏழு சொன்னேன், அவன் அடுத்த வாரம் வரல.

பிள்ளைங்களைத் தொட்டுத் திருத்துறதுக்கு முன்னாடி கேளுங்க, பெத்தவங்க பாக்குற இடத்துல கிளாஸ் எடுங்க, தனியா கார்ல கூட்டிட்டுப் போகாதீங்க. சேஃப் ஸ்போர்ட் கோட்ல இருக்கிறதை முழுசாப் படிச்சு, பெத்தவங்களுக்கும் ஒரு பிரதி குடுங்க. என்கிட்ட ஒரு பொண்ணோட அம்மா "தம்பி, நான் பக்கத்துலயே உக்காந்துக்கவா"ன்னு தயங்கித் தயங்கி கேட்டாங்க, நான் நாற்காலி போட்டுக் குடுத்தேன், இப்ப எல்லா கிளாஸ்லயும் அந்த நாற்காலி இருக்கு.

கட்டணம் பேசும்போது தெளிவாப் பேசுங்க, மாசக் கணக்கா, மழை பெஞ்சா என்ன, லேட்டா வந்தா என்ன, எல்லாம் எழுதிக் குடுங்க. வசதியில்லாத பிள்ளை ஒண்ணு ரெண்டு பேருக்கு சும்மா சொல்லிக் குடுக்குறதையும் முதல்லயே கணக்குல சேத்துடுங்க, அப்பதான் அது நிக்கும். பி40 வீட்டுப் பிள்ளைங்களுக்கு பழைய கிளப் சேத்துக் குடுக்க கிளப் மெம்பருங்ககிட்ட கேளுங்க, ஸ்டோர்ல தூசி படிஞ்சு நிறைய கிடக்கு, கேட்டா குடுப்பாங்க.

புதுசா வர்ற பிள்ளைகிட்ட நான் முதல் மாசம் ஸ்விங்கைப் பத்தி அதிகம் பேசறதில்ல, 555ஐத்தான் வாங்கிப் பாக்குறேன். போன மாசம் பதிமூணு வயசுப் பொண்ணு ஒண்ணு, சிலாங்கூர் பக்கம் தோட்டத்துல இருந்து வந்த குடும்பம், முதல் போட்டி முடிச்சுட்டு நோட்டைக் கொண்டு வந்துச்சு. மொத்தம் 118. எட்டாவது ஹோல்ல 11ன்னு எழுதி அடிச்சுட்டு, அதுக்குக் கீழ 12ன்னு எழுதியிருந்துச்சு. பக்கத்துல பென்சில்ல ஒரு வரி: "பங்கர் மணல்ல வீசினதுல ஒண்ணு பந்துல படாம காத்துல போச்சு, யாரும் பாக்கல." நான் அந்தப் பக்கத்தை போன்ல படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பினாங்குல இருந்து அவர் உடனே கூப்பிட்டாரு, அந்தப் பிள்ளைக்கு என்ன கிளப் வேணும்னு கேட்டாரு.